இறுக்கிக் கட்டிய படகு

போனவர்கள் நான்கு பேர். எர்ணாவூர்க்காரன் ஒருவன், படகு அவன் மூலமாக வந்தது. புளியந்தோப்புக்காரன் ஒருவன், சமையல் அவன். தண்டையார்பேட்டை பாய், எங்களில் மூத்தவர், நீச்சல் தெரியாதவர். நான் திருவொற்றியூர். நான்கு பேரும் துறைமுகத்தில் ஒரே கேங்கு. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுவது எங்கள் வேலை. லாஷிங் என்பார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் காணும் பொங்கல் சனிக்கிழமை வந்தது. ஞாயிறும் சேர்ந்து இரண்டு நாள் லீவு. ஊரே மெரினாவுக்குப் போகும் நாள். நாங்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம். ஆற்றில் படகில் போய், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் ஒரு ராத்திரி தங்குவது. குளிப்பது, நண்டு பிடிப்பது, ஆக்கித் தின்பது. அவ்வளவுதான்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எர்ணாவூர்க்காரன் தங்கை புருஷனுடையது. அவர் ஆற்றில் மீன் பிடிப்பவர். தங்கை அவரைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். இவனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆன வாரம் மார்க்கெட்டில் ஆட்கள் பார்க்க அவரைக் கன்னத்தில் அடித்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு பேச்சு இல்லை. தங்கைக்குக் குழந்தை பிறந்தது. இவன் போகவில்லை. போகவும் முடியாது, அந்த வாசலில் யார் இவனைக் கூப்பிடுவார்கள்?

அந்தப் பொங்கலுக்குத்தான் அம்மா கையில் தங்கைக்குச் சீர் கொடுத்தனுப்பினான். புடவை, கரும்பு, குழந்தைக்கு ஒரு சட்டை. மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அம்மா பேச்சோடு பேச்சாக நாங்கள் ஆற்றுக்குப் போகப் போவதைச் சொல்லியிருக்கிறாள். "போட்டு சும்மாதான் கீது, எத்துக்கினு போவச் சொல்லு" என்றாராம்.

எர்ணாவூர்க்காரன் இதை எங்களிடம் மூன்று முறை சொன்னான்.

"சரிடா, போட்டுதானே குட்த்தாரு. பொண்ணா குட்த்தாரு?" என்றான் புளியந்தோப்பு.

"போட்டுல ஒரு கீறல் வுழுந்தா அத்தோட முட்ஞ்சுது மாமு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி நிப்பேன்?"

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்போது தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பழைய இரும்புத் தூண்கள் நான்கு சேற்றில் நின்றன. படகை நடுவில் விட்டு, நான்கு மூலைக்கும் நான்கு கயிறு போட்டு, தூண்களின் அடியில் கட்டினோம். ஆளுக்கு ஒரு மூலை. கப்பலில் எப்படிக் கட்டுவோமோ அப்படி. எங்கள் வேலையில் தொங்கல் இருக்கக் கூடாது. தொங்கினால் பெட்டி ஆடும், ஆடினால் ஆள் சாவான். எர்ணாவூர்க்காரன் ஒவ்வொரு கயிறாகப் போய்க் காலை வைத்து மிதித்துப் பார்த்தான்.

"பாய், இன்னா கட்டு கட்டிக்கீற? லூசா கீது." பாயின் கயிற்றை அவிழ்த்து அவனே இன்னொரு முறை இறுக்கினான்.

"அமெரிக்காவுக்கா அனுப்பப் போற?" என்றார் பாய்.

பிறகு திட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போனோம். அலை பெரிதாக இருந்தது. புளியந்தோப்பு கைலியை வைத்து நண்டு பிடிக்கப் போய் விரலில் கடி வாங்கினான். பாய் முட்டி அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து குளித்தார். இருட்டும்போது எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்தின் விளக்குகள் எரிந்தன. பாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த அண்டாவில் புளியந்தோப்பு சோறும் நண்டுக் குழம்பும் செய்தான். காரம் அதிகம். தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். படகைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படிக் கட்டியிருந்தோம்.

விடியற்காலை நான்தான் முதலில் போனேன். தூண்கள் இருந்தன. கயிறுகள் இருந்தன. நடுவில் படகின் விளிம்பு மட்டும் தெரிந்தது. உள்ளே முழுக்கத் தண்ணீர்.

பின்னால் வந்த புளியந்தோப்பு கேட்டான். "போட்டு எங்கடா?"

"தண்ணிக்குள்ள கீது."

அன்றைக்கு அமாவாசை. ராத்திரி தண்ணீர் வழக்கத்தை விட ஏறியிருக்கிறது. படகு தண்ணீரோடு மேலே எழ வேண்டும். நாங்கள் எழ விடவில்லை. பிடித்து அமுக்கி வைத்துக் கட்டியிருந்தோம். ஏறின தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே போயிருக்கிறது. பின்னால் மாட்டியிருந்த இன்ஜினும் முங்கிவிட்டது. மூடியில் ஒரு பாசிக் கொடி ஒட்டியிருந்தது. வேறு யாராவது கட்டியிருந்தால் கயிறாவது அவிழ்ந்திருக்கும்.

எர்ணாவூர்க்காரன் சேற்றில் நின்று பார்த்தான். 

தண்ணீர் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. விளிம்பைத் தொடுவதற்குள் இறைக்க வேண்டும். கயிறுகளை அவிழ்த்தோம். ஒரு பக்கெட், பாயின் அண்டா, குழம்புச் சட்டி. பாயும் இறங்கினார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இறைத்தார். வெயில் வந்தபோது படகு மிதந்தது. இன்ஜினின் கயிற்றை இழுத்தோம். சத்தமே இல்லை.

"பெரிய படகு ஒண்ணு போச்சு, அலை அட்ச்சிது, முங்கிச்சின்னு சொல்லிக்கலாம்" என்றான் புளியந்தோப்பு.

"வாணாம். கயித்துத் தடம் போட்டுல கீது. பாத்தா தெரியும்" என்றான் எர்ணாவூர்க்காரன்.

அவனிடம் மாப்பிள்ளை நம்பர் இல்லை. தங்கைக்குப் போன் போட்டான். "மா, போட்ட முக்கிட்டோம். மாப்ளகிட்ட சொல்லு" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தான். பாய் டீ போட்டார். அவன் குடிக்கவில்லை.

எட்டரை மணிக்கு இன்னொருவர் படகில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். கையில் ஸ்பானர் பை, ஒரு டப்பா ஆயில். கொண்டுவந்து விட்டவர் திரும்பிப் போய்விட்டார். இவர் முதலில் இன்ஜினைப் பார்க்கவில்லை. தூண்களைச் சுற்றித் தண்ணீரில் மிதந்த கயிறுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு கட்னது?"

"நாலு பேரும்" என்றேன்.

"கன்டெய்னரா இது?"

 எர்ணாவூர்க்காரன் இரண்டு அடி தள்ளி நின்றான். அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மூடியைக் கழற்றினார். பிளக்கைக் கழற்றினார். "நல்ல தண்ணி கீதா?" என்று பாயைக் கேட்டார். குடிக்க வைத்திருந்த கேனை அப்படியே இன்ஜின் மேல் ஊற்றிக் கழுவினார்.

"ஒன் தோஸ்துகிட்ட அந்தச் சின்ன ஸ்பானர கேளு" என்றார் என்னிடம். ஸ்பானர் அவன் கையில்தான் இருந்தது. அவன் என்னிடம் கொடுத்தான். நான் அவரிடம் கொடுத்தேன்.

"இன்னா, நான் வேணா நடுவுல ஒரு ஆபீஸ் தொறக்கட்டா?" என்றான் புளியந்தோப்பு. 

இன்ஜினுக்குள் போன தண்ணீரை வெளியே தள்ள, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். எர்ணாவூர்க்காரன் தானாகப் போய்க் கயிற்றைச் சுற்றினான். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சக்கரத்தின் ஓரத்தில் வைத்துவிட்டான். இழுத்திருந்தால் விரல் போயிருக்கும். அதற்கு என் மூலமாகச் சொல்ல நேரம் இல்லை.

"கையெடு" என்று கத்தினார்.

அவன் கையை எடுத்தான். அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழு."

இழுத்தான். பிளக் ஓட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியது. அதற்குப் பிறகு அவர் தாடையை மட்டும் ஆட்டினார், இவன் இழுத்தான். சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தான். ஆயில் மாற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டி, மறுபடி இழுத்தான். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை கிழிந்திருந்தது. நான் கயிற்றை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. இன்ஜின் ஒரு முறை இருமி நின்றது.

"இன்னும் ஒரு தபா."

இழுத்தான். வெள்ளைப் புகை வந்தது. இன்ஜின் ஓடியது. அவன் கயிற்றை விடாமல் நின்றான்.

"போதும்."

கரைக்குக் கிளம்பினோம். அவர் பின்னால் உட்கார்ந்து ஓட்டினார். கரையில் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் பையையும் அண்டாவையும் இறக்கினோம். எர்ணாவூர்க்காரன் தங்கையைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான்.

அவர் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே கயிறு, நீளமாக விட்டு. முடிச்சிலிருந்து தலையைத் தூக்காமல் அவனிடம் சொன்னார்.

"சாப்ட்டு போ."

அவன் நின்றான். பையை என்னிடம் கொடுத்தான். தங்கை முன்னால் நடக்க, பின்னால் போனான். நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பாய் தூங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அவனிடம் பேசியதை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

எட்டு வார்த்தை.