என் கையால் போட்ட வயரிங்

என் மனைவி. என் மகள். மனைவியின் தங்கை. தங்கையின் கணவர், அதாவது என் சகலை. அப்புறம் நான். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் புதுச் சமையலறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

சகலையையும் அவர் மனைவியையும் நான்தான் வரச் சொன்னேன். நான் போட்ட வயரிங்கை அவர் பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

அதற்கு நாலு மாதம் முன்பு சகலை வீடு கட்டிக் குடி போனார். செல்போன் கடையில் வேலை அவருக்கு. வீட்டு வயரிங் முழுக்க அவரே செய்தது என்று விசேஷத்தன்று ஒரே பேச்சு. என் மாமனார் மாடிப்படியில் ஏறி மேல் சுவிட்சைத் தட்டினார். இறங்கி வந்து கீழ் சுவிட்சைத் தட்டினார். இரண்டுக்கும் ஒரே விளக்கு எரிந்து அணைந்தது. "மூளைக்காரப் புள்ள" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

நான் பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக பியூஸ் கட்டை செய்கிறேன். சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். என் காது தப்பாது. ஆனால் என் மாமனார் ஒரு கட்டையைக் கூடக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததில்லை.

விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "நீங்க செய்யிற கட்டை ஊரெல்லாம் போவுது. நம்ம வூட்ல ஒரு பிளக்கு ஒழுங்கா இல்ல."

சமையலறையை இடித்துக் கட்டியபோது வயர்மேனைக் கூப்பிடவில்லை. சகலையிடம் கேட்பதற்கு வாய் வரவில்லை. கம்பெனியில் கேட்டு இரண்டு பியூஸ் கட்டை வாங்கி வந்தேன். தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. அதிலேயே பாதி வேலை முடிந்த மாதிரி நினைத்துக்கொண்டேன். எங்களிடமிருந்து கட்டை காலியாகத்தான் போகும். அதற்குள் என்ன கம்பி, எவ்வளவு பருமன் என்று எனக்குத் தெரியாது. பியூஸ் அடிக்கடி போகாமல் இருக்கட்டும் என்று தடித்த செம்புக் கம்பியாகக் கட்டினேன். பச்சைக் கம்பி மிச்சமாக நின்றது. விளக்கு எரிய இரண்டு கம்பி போதுமே என்று அதை வெட்டிச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். "ஏன் மாமா, தொடலாமா, செருப்பு போட்டுக்கணுமா?" என்று கொழுந்தியாள் சிரித்தாள். சகலை ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தார். "நீட்டா இருக்குது அண்ணே" என்றார். எனக்கு அது போதவில்லை. மனைவியிடம் கிரைண்டரைப் போடச் சொன்னேன். இட்லிக்கு ஊறின அரிசி இருந்தது.

பழைய கிரைண்டர். ஓடியது. மனைவி ஈரக் கையால் மாவைத் தள்ளிவிட்டு அதன் உடம்பைப் பிடித்தாள். பிடித்த கை வரவில்லை. வாய் திறந்தபடி நின்றாள். சத்தம் இல்லை. மகள்தான் கத்தினாள்.

நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். கிரைண்டர் நின்றது. அவள் கை அப்படியே ஒட்டியிருந்தது. இழுக்கப் போனேன்.

"தொடாதீங்க! அண்ணே, தொடாதீங்க!"

சகலை வெளியே ஓடினார். மீட்டர் பக்கத்தில் நான் மாட்டியிருந்த இரண்டு பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். மனைவி தரையில் விழுந்தாள். மூச்சு இருந்தது.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளங்கையில் தீக்காயம். ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போய் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னார். சுவிட்சை, கரண்ட் வருகிற பேஸ் கம்பியில் போட வேண்டுமாம். நான், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலில் போட்டிருந்தேன். சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் கிரைண்டரை விட்டுப் போகாது. நான் வெட்டிய பச்சைக் கம்பிதான் எர்த்து. அது இருந்து, சரியான பியூஸ் கம்பியும் இருந்திருந்தால், கிரைண்டரில் கரண்ட் கசிந்த உடனே பியூஸ் போயிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு அண்ணே. எங்க வூட்ல நான் மட்டும் செய்யல. லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தர் கூடவே நின்னாரு. கடைசியில எல்லாத்தயும் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கரண்ட் குடுத்தாரு. மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

முன்பே சொல்லியிருந்தால் நானும் ஒருவரைக் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்தேன். மாட்டேன்.

அடுத்த வாரம் அதே வயர்மேன் வந்தார். நான் போட்டதை முழுக்கப் பிரித்தார். எர்த்துக்குக் குழி எடுத்தோம். கசிந்தால் தானாக விழுகிற டிரிப்பர் ஒன்று மாட்டினார். நான் பக்கத்தில் நின்று கம்பி எடுத்துக் கொடுத்தேன். மாமனாரிடம் இன்று வரை எதுவும் சொல்லவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். முன்பு அவர் வீட்டு விளக்கைப் பார்த்து வயிறு எரிந்தது. இப்போது வேறு. என் மனைவியைக் காப்பாற்றிய கை அவருடையது. பிடுங்கியது நான் செய்த கட்டை. அவர் கை முந்திக்கொண்டதே என்று நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. எரியட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சாப்பிட வந்தால் தட்டு வைப்பது நான்தான். ஒவ்வொன்றாக எண்ணித்தான் வைப்பேன்.

ஐந்து.