பாக்கை அடக்கிப் படித்த இங்கிலீஷ்

கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தில் நான் மூட்டை சுமந்த நாட்களில், அங்கே சீனாக்காரர் ஒருவர் தச்சு வேலை செய்தார். ஒட்டிய கன்னம், காதில் எப்போதும் ஒரு பென்சில். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, மேஸ்திரி வேலைக்கு ஆள் தேடினார். இங்கிலீஷைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்ள வேண்டும். வேலையோடு ஓட்டு வீடும் உண்டு. கிடைத்தால் கல்கத்தாவில் இருக்கும் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்றார் சீனாக்காரர்.

நான் பாதியில் பள்ளியை விட்டவன். ஆனாலும் மதியச் சோற்று வேளையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகையை என்னைப் படிக்கச் சொல்வார். கேட்டதைப் பலகையில் சீன எழுத்தில் குறித்துக்கொள்வார். பிறகு பத்திரிகையைத் தானே படித்துச் சரிபார்ப்பார்.

ஒரு நாள் இரண்டு கொட்டைப்பாக்கை நீட்டினார். “இதை வாயில அடக்கிக்கிட்டுப் படிங்க.”

“ஏனுங்க, சும்மா படிச்சாலே நம்ம இங்கிலீஷ் நொண்டுமுங்களே.”

“துரை வாயில இருக்கற சுருட்டை எடுக்காமப் பேசறாருங்க. அதுக்குப் பழகோணும்.”

சோதனையன்று துரை சுருட்டைக் கடித்தபடியே உத்தரவிட்டார். போட்டிக்கு வந்த சேலத்துக்காரர் மூன்று முறை திருப்பிக் கேட்டார். சீனாக்காரர் ஒரே தடவையில் போய், சொன்ன பலகையைச் சொன்ன அளவில் அறுத்து வந்து வைத்தார். கொடுத்த கடிதத்துக்கும் பிசகாமல் பொருள் சொன்னார்.

வீட்டுச் சாவியோடு வந்தவர் என்னிடம் வெற்றிலையை நீட்டினார். “இனிமேப் பாக்கை மென்னே திங்கலாமுங்க.”

இன்று ஊர் ஊராய் அலைந்து எந்தச் சத்திரத்தில் படுத்தாலும், என் அரைகுறை இங்கிலீஷ் ஒருவருக்கு வீடு வாங்கித் தந்த நினைப்பு கூடவே வருகிறது.