ஆறிப்போன சோற்றுக்கு ஐந்து ஸ்டார்

பஸ் நம்பர் படிப்பேன், என் பெயரைப் போடுவேன். அதற்கு மேல் எங்கேயாவது எழுதியிருந்தால், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்துவைப்பேன். பெரும்பாலும் அவரே படித்துச் சொல்லிவிடுவார். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் திருத்தி எழுதுகிறாள். அவள் வெட்டிய கெட்ட வார்த்தைகளில்தான் நல்ல விஷயமெல்லாம் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு தொண்டு நிறுவனம். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பகல் நேரப் பள்ளி நடத்துகிறார்கள். நான் அங்கே வேன் டிரைவர். ஆவடி, சேக்காடு பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் வீட்டில் விடுவேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள், ஏதாவது கம்பெனிக்கு ஆண்டு விழா என்றால் அவர்கள் செலவில் மதியச் சாப்பாடு. தட்டில் சோறு விழுந்துவிடும். ஆனால் கொடுப்பவர் வந்து, பேனர் பிடித்து, பிள்ளைகள் நன்றிப் பாட்டுப் பாடி, போட்டோ எடுத்து முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கொடுப்பவர் எங்கேயாவது டிராபிக்கில் நிற்பார். இங்கே சாம்பார் மேல் ஆடை கட்டும்.

சேக்காட்டில் பிள்ளைகளோடு ஒரு டீச்சரும் என் வேனில் ஏறுவார். கைவிரல் சரியாக மடங்காத ஒரு சின்னப் பெண்ணுக்கு ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தார். டீச்சர் மணிக்கட்டில் விரல் வைத்தால் ஸ்பூன் வாய்வரை போகும். எடுத்துவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும், டீசல் தீர்ந்த என் வேன் மாதிரி.

ஒரு நாள் இன்டர்நெட்டில் எங்கள் நிறுவனத்தைப் பற்றி யாரோ பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள். “நான் இங்கே வேலை பார்க்கிறேன். போட்டோ எடுத்த பிறகுதான் பிள்ளைகளுக்குச் சோறு. அதற்குள் ஆறிவிடும்” என்று எழுதி, ஒரே ஒரு ஸ்டார். எங்களுக்கு அதிகம் கொடுக்கிற கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, எங்கள் நிர்வாகிக்கு போன் போட்டுவிட்டது.

நிர்வாகி எல்லோரையும் கூட்டினார்.

“நாம எல்லாரும் ஒரே குடும்பம். எழுதினது யாருன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வெளிய அனுப்பிடுவேன்.”

“குடும்பத்த வுட்டா சார்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். “உன் மேல மட்டும் சந்தேகமே படமுடியாதுப்பா. உனக்குத்தான் எழுதவே வராதே.”

எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். படிக்காததற்கு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

அந்த ஒரு ஸ்டாரை மூழ்கடிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுவனத்தைப் புகழ்ந்து அவரே எழுதி, எங்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாங்கள் ஆளுக்கொன்றாக இன்டர்நெட்டில் போட வேண்டும்.

சமையல்கார அம்மா போனை நீட்டினார். “அண்ணாத்தே, இத்த எங்க அமுக்கணும்?”

“என்னாண்ட கேக்குற பாரு! மொத்தமா அமுக்கு, மொத்தமா ஒட்டு. மிச்சத்த மேல கீறவன் பாத்துக்குவான்.”

அன்றைக்கு வீட்டில் என் மகள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நைனா, கடைசில இன்னா போட்டுகீறன்னு படிச்சியா?”

“படிச்சிருந்தா நான் ஏன் வேன் ஓட்டிகினு கீறேன்?”

புகழ்ச்சிக்கு அடியில் நிர்வாகி எங்களுக்காக எழுதிய வரியும் சேர்ந்தே போயிருந்தது: “எல்லோரும் இன்றே போடவும். ஐந்து ஸ்டார் கட்டாயம். போடாதவர்கள் என்னை வந்து பார்க்கவும்.” நான், சமையல்கார அம்மா, வாட்ச்மேன், எல்லோரும் அப்படியே ஒட்டியிருந்தோம். காலேஜ் முடித்த கணக்குப்பிள்ளையும்தான். அந்த ஒரு நாள் அவரும் நானும் ஒரே வகுப்பு.

டீச்சர் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தார். ஐந்து ஸ்டார் போட்டு, “பிள்ளைகள் தங்கமானவர்கள். சோறு சூடாக இருந்தால் இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுவார்கள்” என்று.

மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் மறுபடி போன் செய்து நிர்வாகியைக் கிழித்தார்கள் போல. முகம் வெளுத்து வந்தார். நேரே டீச்சரிடம் போனார்.

“அதுலயும் ஆறின சோறு. இதுலயும் சூடான சோறு. ரெண்டும் ஒரே கைதானே?”

“நான் எழுதல சார்.”

“எல்லாரும் அனுப்பினத போட்டாங்க. நீங்க மட்டும் ஏன் மாத்துனீங்க?”

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“சார், அந்த ஒரு ஸ்டார் நான் போட்டது.”

முதலில் கணக்குப்பிள்ளை சிரித்தார், வாட்ச்மேன் சிரித்தார், நிர்வாகியே சிரித்துவிட்டார்.

“நெஜமா சார். போன்ல மைக்கு கீது, பேசினா அதுவே எழுதும். என்னிய அனுப்புங்க.”

“போய் வேனைத் துடைப்பா. நேரங்காலம் தெரியாம காமெடி பண்ணிக்கிட்டு.”

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசினேன். என் முகத்துக்கு அது பழக்கமில்லை போலிருக்கிறது.

டீச்சரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் தன் சாமான்களை அடைத்த பையோடு வேனில் ஏறினார். அந்தச் சின்னப் பெண் அவர் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டது. சேக்காடு வரும்போது கேட்டேன்.

“டீச்சர், மெய்யாலுமே நீங்க எழுதலயா?”

“எழுதலண்ணே,” என்றார். “எழுதியிருக்கணும்.”

தூங்குகிற தலையை மெதுவாக சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஒரு ஸ்டாருக்குக் கீழே நிறுவனம் பதில் போட்டிருப்பதாக மகள் வாசித்துக் காட்டினாள். “உங்கள் கருத்துக்கு நன்றி. தகுந்த நடவடிக்கை எடுத்துவிட்டோம்.”

கம்பெனிக்காரர்களும் சமாதானமாகி அடுத்த வாரமே சாப்பாடு போட வந்தார்கள். வழக்கம்போல லேட். சின்னப் பெண் ஸ்பூனைத் தூக்கியது. பாதியில் நின்றது. பக்கத்தில் போய் மணிக்கட்டில் விரல் வைத்தேன். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. அது என் கையைப் பார்த்தது, பிறகு வாசலைப் பார்த்தது.

“யோவ் டிரைவர், நகருய்யா. போட்டோல விழற,” என்றார் போட்டோ எடுக்க வந்தவர்.

நகர்ந்தேன். போட்டோ நன்றாக வந்துவிட்டதாம். பெரிதாக அடித்து வேனின் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். தினமும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அதை நான்தான் சுமந்துகொண்டு போய் வருகிறேன். சிக்னலில் நின்றால் பின்னால் வரும் பைக் ஓட்டுபவர்களெல்லாம் பார்க்கிறார்கள். படத்தில் அந்த ஸ்பூன் இன்னும் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.