பின்தகட்டுக்கு அடியில் மெங்கியா

வலக்கண் பார்வையில்லாத என் தங்கை மெங்கியா, புதுத் துப்பாக்கிகளோடு வந்தவர்களுக்கு நடுவே அப்பாவின் பழைய ராணுவக் கார்பைன் துப்பாக்கியால் மூன்று வட்டாரப் பதக்கங்களும் ஒரு வெள்ளிக் கோப்பையும் வென்றவள்.

எங்கள் சுவிஸ் மலையூரில் கார்பைனுக்கு உரியவர், தோளில் பதியும் அதன் மரக்கட்டையின் பின்தகட்டுக்கு அடியில் தன் பெயர்ச்சீட்டை வைப்பது வழக்கம். முதல் பதக்கம் வாங்காமல் வைப்பதில்லை என்றிருந்தாள் அவள். இடத்தோளில் வைத்துச் சுடுவதால், ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேலே தாண்டிப்போட்டு குண்டேற்றும் வலப்பக்கப் பூட்டை இழுக்க வேண்டும்.

“என்னம்மா, துப்பாக்கியோட மல்லுக்கட்டா?” என்றார், முதல் வட்டாரப் போட்டியன்று, துப்பாக்கி சுடும் சங்கத் தலைவர் கியாக்கன்.

“கட்டிப் புரண்டாவது ஜெயிப்பேன் சித்தப்பா.”

கடைசிச் சுற்றில் நேரம் முடியுமுன் ஆறு குண்டும் இலக்கில் பாய்ந்தன. பதக்கத்தோடு வீடு வந்ததும் நான் தகட்டைக் கழற்றினேன்.

“அண்ணே, அப்பா சீட்டை எடுத்துடாத. பக்கத்துலயே வைக்கிறேன்.”

தன் சீட்டில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 1987 மே 31.