மாதா அனுப்பிய முரடன்

என் வலது கால் செத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி படுத்திருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதாவை நம்புகிறவர்களே, அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் போர்ட் பிளேரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். கால்பந்தில் அந்தக் காலால் கோல் அடித்துத்தான் பெயர் வாங்கினேன். கொல்கத்தா கிளப் ஒன்று கூப்பிட்டிருந்த சமயத்தில் சுனாமி வந்தது. எங்கள் போட் போனது. அப்பா முடங்கிப்போனார். வீட்டுக்கு நிலையான சம்பளம் வேண்டுமே என்று ராணுவத்தில் சேர்ந்தேன். அங்கேயும் ரெஜிமென்ட் அணியில் ஆடினேன். சுனாமிக்கு நான்காம் வருடம், எல்லையில் பதற்றம் என்று அணியைக் கலைத்து எங்களைப் பனிமலைக்கு அனுப்பினார்கள். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவன் நான்.

ரோந்து போனபோது பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பங்கருக்குத் திரும்பிக் கழற்றினால், விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினால் வலிக்கவில்லை. வெளியே ஓயாத பனி. ஹெலிகாப்டர் வராது என்றார்கள். கால் போனால் ஆட்டமும் போச்சு, வேலையும் போச்சு. "தாயே, யாரையாவது அனுப்பு" என்று அழுதேன்.

வந்தவன் செல்வம். எனக்குச் சுத்தமாக ஆகாதவன். எங்கள் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பையன். தீவுப் போட்டிகளில் எதிரணி டிஃபென்ஸில் நின்று, இதே காலை எத்தனையோ முறை மிதித்தவன். ராணுவத்தில் ஒரே அணிக்கு வந்த பிறகும் நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவன் சட்டையைத் தூக்கி, என் பாதத்தை வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். குளிரில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

"விடுல செல்வம், நீயும் செத்துப் போவ."

"அரே, சும்மா கெட. இந்தக் கால ஒடைக்க எத்தன மேட்ச்ல பாத்தேன், முடியல. பனிக்கு வுட்ருவேனா? நீ ஒங்க மாதாவக் கூப்புடு, நான் எங்க மாரியம்மனக் கூப்புடுறேன். யாருக்காவது கேக்கட்டும்."

சுனாமியில் பெற்ற தாயைப் பறிகொடுத்தவன் அவன். அது ஞாபகம் வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் வானம் வெளுத்தது. ஹெலிகாப்டர் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். கொல்கத்தா ஆசை அதோடு முடிந்தது. மாதாவிடம் கோபித்துக்கொண்டேன், மறைக்கவில்லை. ஆனால் இன்று என் காலில் நடந்துதான் கோயிலுக்கு வருகிறேன்.

கேளுங்கள், அவள் அனுப்புவாள். யாரை அனுப்புவாள் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். செல்வம் லீவில் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஞாயிறு பூசை முடிந்ததும் மைதானத்தில் எதிரணியில் நிற்கிறான். நான் பந்தோடு போனால் இன்றும் அந்தக் காலைத்தான் மிதிக்கிறான். வலி உயிர் போகிறது. விழுந்து கிடந்தபடியே சொல்கிறேன்: மாதாவே, வலிக்கிறது, நன்றி!