காற்றா, தண்ணீரா?

அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் கற்றவர்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்பவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்! பிரேக்!" என்று அவர் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வண்டியை விட்டு இறங்கிவிட்டால் ஆள் பேச்சில் படு சிக்கனம்.

அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவருடைய கணவர் செலவழித்துவிடுவார். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு பஸ் தாமதமாக வருகிறது என்பதை அவர் மைக்கில் சொன்னால், எங்கேயோ போர் மூண்டுவிட்டது என்று தோன்றும். வீட்டில் பால் தீர்ந்துபோனாலும் அதே குரல்தான்.

புயல் ஒரு மத்தியானம் வந்தது. வீட்டில் குளியலறைக்கு மட்டும்தான் கான்கிரீட் தளம், மற்றதற்கெல்லாம் தகரக் கூரை. அதனால் கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் மூன்று பேரும் குளியலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வெளியே எதையோ இழுத்து இழுத்துப் பார்ப்பது போல் ஒரு கிறீச். பிறகு தலைக்கு மேல் படாரென்று ஒரு சத்தம். அக்கா கதவை லேசாகத் திறந்து பார்த்தார். ஹாலுக்கு மேலே வானம் தெரிந்தது. மழை நேராக சோபாவின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் வெள்ளம் ஏறியது சாயங்காலம்தான். அது வாசல்படி வரை வந்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டது.

காற்று ஓய்ந்ததும் அக்கா ஸ்கூல் கார் பிழைத்ததா என்று பார்க்கப் போனார். அந்த இடைவெளியில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணவர் போன் போட்டார். என்ன சேதம் என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, சமுத்திரமே எங்க வாசலுக்கு வந்துடுச்சும்மா! எங்க பார்த்தாலும் தண்ணி. சோபா மிதக்குது. கட்டில் மிதக்குது."

"வெள்ளமா சார்?"

"வெள்ளமா? பிரளயம்!"

அந்தப் பெண் பாவம், 'வெள்ளம்' என்று பதிந்துகொண்டாள். பிரளயத்துக்கு அவர்களிடம் தனிப் பிரிவு கிடையாது.

சீக்கிரமே பதில் வந்தது. உங்கள் பாலிசியில் காற்றால் வரும் சேதத்துக்கு மட்டும்தான் பணம் உண்டு, வெள்ளத்துக்குக் கிடையாது, வருந்துகிறோம். அக்கா அதைப் படித்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"என்னங்க, கூரைன்னு ஒரு வார்த்தையாவது சொன்னீங்களா?"

"அந்த இடத்துக்குத்தாம்மா வந்துட்டிருந்தேன். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கம்பெனி அலுவலகத்துக்குப் போய், ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். "சர்வேயர் வர்றப்ப நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று கணவருக்கு மட்டும் உத்தரவு.

சர்வேயர் நிதானமான மனுஷி. தண்ணீரில் ஊறிக் கிழிந்து தொங்கிய சீலிங்கைப் பார்த்தார், அலமாரியின் மேல்தட்டைத் தொட்டுப் பார்த்தார், வாசல்படியில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோட்டைக் குனிந்து பார்த்தார். கணவர் உதட்டைக் கடித்தபடி மூலையில் நின்றார். முகம் சிவந்துபோயிருந்தது.

"தண்ணி மேல இருந்துதான் வந்திருக்கு" என்றார் சர்வேயர். "ஆனா கூரைய நான் பார்க்கணும். துருப்பிடிச்சு தானா விழுந்திருந்தா கம்பெனி ஒத்துக்காது. எங்க அது?"

மூன்று பேரும் எதிர்வீட்டு மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

எதிர்வீடு பல் டாக்டருடையது. கீழே கிளினிக், மேலே வீடு. அவரும் ஒரு காலத்தில் அக்காவிடம் கார் கற்றவர்தான். எத்தனையோ நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "டாக்டர், உங்களுக்கு ஸ்டியரிங் ஒத்துவராது. டாக்சியிலயே போங்க" என்று அக்கா மற்ற மாணவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எதிரும் புதிருமாக இருந்தும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பல் வலித்தால்கூட அக்கா பஸ் ஏறி வேறு டாக்டரிடம் போனார்.

இப்போது வேறு வழியில்லை. சர்வேயரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அக்கா தெருவைக் கடந்து கிளினிக்குக்குள் நுழைந்தார். டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் கையை விட்டிருந்தார்.

"எந்தப் பல்லு?" என்றார் நிமிராமலேயே.

"பல்லு இல்ல டாக்டர். கூரை."

டாக்டர் நிமிர்ந்தார். "ஓ! என் தண்ணித் தொட்டிய ரெண்டா பொளந்துட்டு உக்காந்திருக்கே, அதா? இத்தன நாள்ல வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல. வெக்கமா இருந்துச்சு. தப்புதான், மன்னிச்சிருங்க."

சண்டைக்குத் தயாராக இருந்த டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். வாயில் பஞ்சோடு படுத்திருந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, மாடிக்கு வந்து பாருங்க. ஆனா ஒண்ணு. எனக்கு மறுபடியும் கார் கத்துக்குடுக்கணும்."

கூரையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. படுத்திருந்தவர் பஞ்சுக்குள்ளிருந்து "ம்ம், ம்ம்" என்றார். ஒத்துக்கொள்ளச் சொல்கிறார் போல.

"சரி டாக்டர்" என்றார் அக்கா.

மாடியில் கூரை, உடைந்த தொட்டியின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. தகரத்தில் துரு இல்லை. ஸ்குரூக்கள் மரச்சட்டத்தையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. கணவரோடு ஏறி வந்த சர்வேயர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கேட்காமலேயே டாக்டர் சாட்சி சொன்னார்.

"நான் ஜன்னல்ல நின்னு பார்த்துட்டிருந்தேங்க. இது பறந்து வர்றப்ப தெருவுல வெள்ளமே இல்ல. அது சாயங்காலம்தான் வந்துச்சு."

"எப்படிப் பறந்து வந்துச்சு?" என்றார் சர்வேயர்.

அதுவரை வாயை அடக்கிவைத்திருந்த கணவருக்கு அதற்குமேல் முடியவில்லை. "ராட்சசக் கழுகு ஒண்ணு சிறகை விரிச்சு..."

"பிரேக்!" என்றார் அக்கா.

கணவர் நின்றார். பழக்கதோஷத்தில் டாக்டரும் ஒரு காலைத் தரையில் அழுத்தினார்.

கிளைம் வந்தது. கூரை, சீலிங், சோபா, கட்டில் எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். டிவிக்கு மட்டும் இல்லை. கணவர்தான் அதைச் சத்தமில்லாமல் கணக்கில் சேர்த்திருந்தார். அது எப்போதிலிருந்து ஓடவில்லை என்று சர்வேயர் கேட்டதற்கு, "நான் ஸ்கூல் படிக்கிறப்பவே ஓடாது" என்று மகள் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். டாக்டருடைய தொட்டிக்கு அவருடைய பாலிசியிலேயே பணம் கிடைத்தது.

டாக்டர் முதல் நாளே சொந்த கேட்டை இடித்தார். அடுத்த நாள் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்த முடியவில்லை. சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெண்ணெய் மாதிரி ஓட்டினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. மனுஷன் பயந்தது வண்டிக்கு அல்ல. தொண்டை சரியான பிறகும் டாக்டர் வகுப்பில் மட்டும் அக்கா வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு அடைத்துக்கொண்டார். லைசென்ஸ் வாங்கியதும் டாக்டர் அதை எடுத்து வந்து காட்டினார். மிட்டாய் தின்றதில் அக்காவுக்குச் சொத்தையான பல்லை, காசு வாங்காமல் அடைத்தும் கொடுத்தார்.

புயலுக்குப் பிறகு தெருவில் எல்லோரும் ஒரே கடையில்தான் தகரம் வாங்கினார்கள். கடையில் பச்சை மட்டும்தான் இருந்தது. வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க நாத்தனார் பல வருஷம் கழித்து வந்தபோது, கணவர் போனில் கம்பீரமாக அடையாளம் சொன்னார்: "பச்சைக் கூரை வீடு!" நாத்தனார் நாலு வீடு தள்ளிப் போய் ஏறி, செருப்பைக் கழற்றி, ஃபேனைப் போட்டு, யாரோ கொடுத்த டீயைப் பாதி குடித்த பிறகுதான், "அண்ணன் எங்க?" என்று கேட்டாராம்.