அண்ணனுக்கு ஒரு மாடு, தம்பிக்கு ஒரு மாடு

போன வாரம் ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் கூடையில் வேப்பெண்ணெய் பாட்டில் சாய்ந்து என் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. “தப்பா நெனைச்சுக்காதீங்க” என்று பாவம், பத்துத் தடவை சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஒரு மாட்டின் கழுத்துப் புண்தான் கண்முன் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து மூன்று முறை அலசியும் போகவில்லை. சேலையைச் சொல்கிறேன்.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. புதுச்சத்திரம் பக்கம் வாக்கப்பட்டு வந்த புதிதில் நான் ‘வீடு’ என்றாலே சிரிப்பார்கள். இவர்களுக்கு அது ‘ஊடு’. பேச்சு மட்டும்தான் வேறு என்று நினைத்தேன். ரோஷமும் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குத்தான் கொஞ்சம் கூடுதல்.

கல்யாணமான இரண்டாம் வருடம் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இருந்தது ஒரே ஜோடி உழவு மாடு. ஆளுக்கொன்று என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏரில் வலப்பக்கம் பூட்டுகிற மாடு அண்ணனுக்கு, இடப்பக்கத்து மாடு எங்களுக்கு. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்னத்தை உழுவது? அதனால் இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரு நாள் அவர்கள் காடு, ஒரு நாள் எங்கள் காடு என்று ஏற்பாடு. இவர்களைப் பிரித்தார்களா, சேர்த்துக் கட்டினார்களா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஒரு வருடம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் முறையில் வாய்த் தகராறு வந்து அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்து ஆடியில் நல்ல மழை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கடலை விதை தயாராக இருக்கிறது. ஈரமோ நாலு நாளைக்கு மேல் நிற்காது. இவர் வானத்தைப் பார்ப்பார், மாட்டைப் பார்ப்பார், அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“நீ போயி அக்காகிட்டக் கேளு சாமி. உனக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.”

போனேன். என் ஓரகத்தி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ‘வா’ என்று ஒரு சொல் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். நான் வெயிலில் நின்றேன். மிஞ்சினால் நூறு எண்ணுகிற நேரம் இருக்கும். எங்கள் அப்பா வீட்டில் பிச்சைக்காரரைக்கூட இப்படி நிற்க விடமாட்டோம் என்று சுருக்கென்றது. திரும்பி நடந்துவிட்டேன்.

“என்னங்கறாங்க?” என்றார் இவர்.

“தரமாட்டாங்களாம்.”

கேட்கவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இவர் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு மாட்டை இரவல் வாங்கிப் பூட்டினார். அது எங்கள் மாட்டைவிட ஒரு சாண் உயரம். நுகத்தடி ஒரு பக்கமாகச் சாய்ந்து பாரமெல்லாம் எங்கள் மாட்டின் கழுத்தில் இறங்கியது. ஏருக்குப் பின்னாலேயே கடலை போட்டுக்கொண்டு போனவள் நான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் போனேன். மூன்றாம் நாள் தோல் பிய்ந்துவிட்டது. விதைப்பு முடிந்தது, மாடும் முடிந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஒரு மாதம் தடவினேன். கை வைத்தால் கழுத்தை இழுத்துக்கொள்ளும், ஆனால் முட்டாது. முட்டியிருக்கலாம். புண் ஆறவில்லை. அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டோம். இவர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. “கேட்டும் மாட்டைத் தரலை எங்கண்ணன்” என்று ஊரெல்லாம் சொன்னார். கேட்காத மாட்டுக்குப் பழியா என்று அண்ணனுக்கும் ஆத்திரம். முப்பது வருடம் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

போன தை மாதம் அண்ணன் இறந்துபோனார். காரியத்தன்று ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு நீ மாட்டுக்குத்தான் வந்தேன்னு தெரியுமே அம்மிணி. அவுரு உள்ள படுத்திருந்தாரு, எழுப்பத்தான் போனேன். அவுரும் எந்திரிச்சு மாட்டை அவுத்துட்டு வந்து பாத்தா நீயில்ல. கவுத்தக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாரு.”

வீட்டுக்கு வந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, “ஒத்த மாட்டைக் குடுத்திருந்தா நாங்க இப்பிடிப் போயிருப்பமா” என்று அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இப்போது எங்கள் ஊரில் உழவு மாடே கிடையாது. டிராக்டர்காரருக்கு போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் உழுதுவிட்டுப் போகிறார். அண்ணன் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை எந்தத் தம்பிக்கும் இல்லை. இவருக்கு அண்ணனும் இல்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதி இவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதோ, பின்னால் வந்து நிற்கிறார்.

“என்ன அம்மிணி எழுதற?”

“மளிகைச் சாமான் லிஸ்ட்டுங்க” என்று தாளைக் கவிழ்த்து வைத்தேன்.